நில் என்று சொன்னவள்

ஆகஸ்ட் 6, புதன்

மன்னித்துக்கொள் நாட்குறிப்பே, இந்த அகாலத்தில் உன்னைத் திறக்கிறேன். பகலில் எழுத உட்கார்ந்தால் மகள் பேனாவைப் பிடுங்கிச் சுவரில் அவள் கதையை எழுத ஆரம்பித்துவிடுகிறாள். இவருக்கு பேக்கரியில் விடியற்காலை ஷிப்ட். சாப்பிட்ட கையோடு போர்வைக்குள் போய்விட்டார். காது மடலில் இன்னும் மைதா ஒட்டியிருக்கிறது. எனக்கு வாய்த்தது இந்த நேரம்தான்.

பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. கேஸை மூடினேனா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். மூடியிருந்தது. உட்கார்ந்ததும் மறுபடி சந்தேகம். மறுபடி போய்ப் பார்த்தேன். நான் எப்போது திருந்துவேன்?

விடுமுறை முடிந்து தங்கை விடுதிக்குத் திரும்பிவிட்டாள். வீடு ஓய்ந்து கிடக்கிறது. அவள் ஒருத்தி இருந்தால் கல்யாண வீட்டுச் சத்தம். கல்லூரி நாடகக் குழுவில் அவளை 'ஃபியூஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம் — சேர்ந்த புதிதில் ஏதோ சுவிட்சைத் தட்டி அரங்கம் முழுக்க இருட்டாக்கிய புண்ணியவதி. இப்போது மூன்றாம் ஆண்டு. மேடை விளக்குப் பொறுப்பையே அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். குழந்தையிடம் தீப்பெட்டி கொடுத்த கதை என்கிறார் இவர்.

போகும்போது மகளுக்கு ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவர்கள் மேடையில் வேலை நடக்கும்போது யார் வேண்டுமானாலும் "நில்!" என்று கத்தலாமாம். கத்திவிட்டால் எல்லோரும் இருந்த இடத்தில் இருந்தபடியே நிற்க வேண்டும், தூக்கின காலைக்கூடக் கீழே வைக்கக் கூடாது. கத்தியவரே "சரி" என்று சொன்னால்தான் அசையலாம். தப்பாகவே கத்தியிருந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எப்போதோ மேலே கட்டியிருந்த விளக்கு ஒன்று அறுந்து விழுந்ததிலிருந்து வந்த விதியாம்.

இரண்டு வயது நிறையாத என் மகள் இப்போது கையை உயர்த்தி "நில்!" என்கிறாள். இவர் சட்டைக்குள் ஒரு கையை நுழைத்தபடி சிலையாக நிற்கிறார். அவளோ "சரி" சொல்ல மறந்துவிட்டுப் பொம்மை பின்னால் போய்விடுகிறாள். மனிதர் வேலைக்குத் தாமதம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மத்தியானம் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் இருக்கும்போது தங்கையிடமிருந்து போன். கண் பரிசோதனை அறையில் ஒரு பெரியவருக்கு "இது தெளிவா, அது தெளிவா" கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து எடுத்தேன்.

"அக்கா, மைனஸ் எட்டு பவர் இருக்கறவங்களுக்குக் கண்ணாடி இல்லாம எவ்வளவு தெரியும்?"

"அரைச் சாண் தூரம். அதுக்கப்புறம் எல்லாமே கலங்கின தண்ணிதான். யாருக்கு?"

"சும்மா கேட்டேன்."

"மேடை வெளிச்சம் மங்கலா இருந்தா?"— இதை நான் கேட்கவில்லை, அவள் கேட்டாள்.

"அப்போ இன்னும் மோசம். தரை எங்க முடியுதுன்னே தெரியாது."

"ம்" என்று வைத்துவிட்டாள். சும்மா ஒரு கேள்வி கேட்கிற ஆளா அவள்? சின்ன வயதில் "சும்மா" என்று என்னிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கித் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டவள்.

ஆகஸ்ட் 20

சொல்லிவிட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம் போல இருக்கிறது.

குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. 'இருட்டு' என்று பெயர். புதியவர்களைக் கண்ணைக் கட்டி மேடையின் பின்சுவரோரம் நிறுத்துவார்கள். அங்கிருந்து நேராக முன்னால் நடக்க வேண்டும். மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காருவதற்கு ஆழமான ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சீனியர்கள் நின்று கத்துவார்கள், திட்டுவார்கள், பயங்காட்டுவார்கள். பயந்து நின்றால் மறுபடி சுவரிலிருந்து. விளிம்புக்கு வரும்போது ஒருத்தர் பிடித்துக்கொள்வார். "எங்களை நம்பி நடந்தாத்தான் எங்க ஆளு" என்பது தத்துவம். போன வருடம் பிடிக்க வேண்டியவன் சிரித்துக்கொண்டே கோட்டை விட்டுவிட்டான். விழுந்த பையன் கால் பிசகி, குளியலறையில் வழுக்கியதாக எல்லோரிடமும் சொன்னானாம்.

"நீயும் நடந்தியாடி?"

"நடந்தேன். அழவே இல்ல. வந்து உங்கிட்ட பெருமையா வேற சொன்னேனே, ஞாபகம் இல்லயா?"

சொன்னாள்தான். ஏதோ விளையாட்டு என்று நானும் சிரித்தேன்.

இந்த வருடம் வெள்ளிக்கிழமை. புதியவர்களில் கனத்த கண்ணாடி போட்ட ஒரு பெண், தங்கையிடம் விளக்கு வேலை கற்றுக்கொள்ள வந்தவள். குழுவின் தலைவன், 'டைரக்டர்' என்றே எல்லோரும் கூப்பிடுகிற கடைசி ஆண்டுப் பையன், சொல்லியிருக்கிறான்: "கண்ணாடிக்காரிக்குக் கண்ணைக் கட்டத் துணியே வேண்டாம். கண்ணாடியைக் கழட்டிட்டு நீல லைட்டுல நடக்க விடலாம். இன்னும் ஜோரா இருக்கும்."

அந்த நீல விளக்கைப் போடுவது யார்? என் தங்கை. போன வருடச் சடங்குக்கு அரங்கத்தை இருட்டாக்கியதும் அவள்தான்.

டைரக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாளாம். "நீ தாண்டி வந்தவதானே ஃபியூஸ், உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் கெட்டவன் என்றும் சொல்ல முடியவில்லை. போன வருட நாடகத்துக்குப் போனபோது மகளைத் தூக்கிவைத்துக்கொண்டு குரங்குபோல நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்கவைத்தவன் அவன்தான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

நான் சொன்னேன்: "உடம்பு சரியில்லன்னு சொல்லி ரூம்ல படுத்துக்கோ. உனக்கு எதுக்குடி வம்பு?"

"நான் படுத்துக்கிட்டா 'இருட்டு' நின்னுடுமா அக்கா? வேற யாராவது வந்து லைட்டைப் போடுவாங்க. நான் அங்க இருந்தாத்தான் சுவிட்ச் என் கையில இருக்கும்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் கதவைத் தாழ்ப்பாள் போடுவதுதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மகளுக்குக் காய்ச்சல் இல்லை. இருந்தாலும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் கூப்பிட்டாள். குரல் கட்டிப்போயிருந்தது. அவள் சொன்னதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு சொல்லும் எனக்கு மறந்துவிடக் கூடாது.

விளக்கு அறை அரங்கத்தின் பின்பக்கம், மாடியில். அவள் மட்டும் உள்ளே. நீல வெளிச்சம் போட்டிருக்கிறாள். கண் கட்டிய இரண்டு பேர் நடந்து முடித்தாயிற்று. அந்த இரண்டு முறையும் விரல் சுவிட்சின் மேலேயே இருந்ததாம், விசையை அழுத்த மனம் துணியவில்லையாம். மூன்றாவதாகக் கண்ணாடிக்காரி. கண்ணாடியை டைரக்டர் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கையை முன்னால் நீட்டியபடி அந்தப் பெண் நடக்கிறாள். எல்லோரும் கத்துகிறார்கள். அவள் நேராக வரவில்லை — பள்ளத்தின் ஓரமாக, பிடிக்கிறவன் நிற்கிற இடத்தைவிட்டு விலகி, வேறு பக்கமாகப் போகிறாள். பிடிக்கிறவன் இந்தப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறான்.

தங்கை மைக்கை எடுத்தாள். "நில்!"

கூடவே அரங்கத்து விளக்குகள் மொத்தத்தையும் போட்டுவிட்டாள்.

"அக்கா, நீ பாத்திருக்கணும். எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க."

பழக்கம்! அத்தனை மாதமாக உடம்பில் ஊறிய பழக்கம். கேட்டால் நிற்க வேண்டும், அவ்வளவுதான், யோசிக்க நேரமில்லை. தலைக்கு மேல் என்ன விழப்போகிறதோ என்று வாயைத் திறந்தவன் திறந்தபடி, கையை ஓங்கியவன் ஓங்கியபடி. டைரக்டர் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கொக்குபோல. புதியவர்களுக்கும் முதல் நாளே விதியைச் சொல்லியிருந்ததால் கண்ணாடிக்காரியும் நின்றுவிட்டாள். விளிம்பில்.

என் தங்கை "சரி" சொல்லவில்லை.

மாடிப்படி இறங்கினாள். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். மேடை ஏறினாள். டைரக்டர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள் — அவன் காலைக்கூடக் கீழே வைக்கவில்லையாம், கண் மட்டும் உருண்டதாம். அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து விளிம்பிலிருந்து உள்ளே இழுத்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, அப்புறம்தான் திரும்பிச் சொன்னாள்: "சரி."

பிறகு ஒரே ரகளை. "இது வேலைக்கு இருக்கற விதி, இதுல கொண்டுவந்து ஏன் போட்ட?" என்று டைரக்டர் கத்தியிருக்கிறான். "வேலை செய்யறப்ப மட்டும்தான் நம்ம தலை உடையுமா?" என்று இவள். குழுவைக் காட்டிக்கொடுத்தவள், குடும்பத்தை உடைத்தவள், என்னென்னமோ சொல்லியிருக்கிறார்கள். அவள் எதற்கும் திருப்பிக் கத்தவில்லையாம். புதியவர்களை விடுதிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து படுத்தாளாம்.

எங்கிருந்து வந்தது இவளுக்கு இந்த நெஞ்சு? ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோமே. கரப்பான்பூச்சியைப் பார்த்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவள்.

இவரிடம் சொன்னேன். மாவு பிசைகிற கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார். "உன் தங்கச்சி படிச்சு முடிச்சதும் நம்ம பேக்கரிக்கு வரச்சொல்லு. அடுப்பை அவகிட்ட கொடுத்துட்டு நான் நிம்மதியாத் தூங்குவேன்." இதற்குமேல் புகழ அந்த மனிதருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 25, திங்கள்

கல்லூரியின் புகார் எண்ணைத் தேடி எடுத்து நானே கூப்பிட்டேன். ராகிங் என்று சொன்னால் போதும், நடவடிக்கை எடுப்பார்கள் அல்லவா? மணி அடித்தது. ஒரு குரல், "யார் பேசறீங்க, யாருக்கு நடந்தது?" என்றது. யாருக்கு நடந்தது? அந்தப் பெண்ணின் பெயரை எந்த உரிமையில் சொல்வேன்? வைத்துவிட்டேன்.

சாயங்காலம் தங்கையிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நல்லவேளை வெச்சே. நானே அவகிட்டதான் கேட்டுக்கிட்டிருக்கேன், உனக்கு என்ன செய்யணும்னு தோணுதுன்னு. அன்னிக்கு யாருமே அவகிட்ட எதுவும் கேக்கலக்கா. இப்பவும் கேக்காம நம்மளே முடிவு பண்ணினா, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"கேஸ் சுவிட்சைப் பாத்தியா?" என்றும் சேர்த்துக் கேட்டாள், கழுதை.

ஆகஸ்ட் 28

போயிருக்கிறார்கள். கண்ணாடிக்காரி, போன வருடம் கால் பிசகிய பையன், என் தங்கை. குழுவின் பொறுப்பு ஆசிரியையிடம்.

அந்தப் பெண்தான் முடிவு செய்தாளாம்: "அடுத்த வருஷம் எனக்குக் கீழ வர்றவங்க நடக்கக் கூடாது." முதலில் பேசியது என் தங்கை. எப்படி ஆரம்பித்தாள் தெரியுமா? "மேடம், போன வருஷம் இந்தச் சடங்குக்கு அரங்கத்தை இருட்டாக்கினது நான்தான். இந்த வருஷம் நீல விளக்கு போட்டதும் நான்தான். முதல் ரெண்டு பேர் நடந்தப்ப நான் நிறுத்தல. அதையும் எழுதிக்கோங்க."

எனக்குப் பகீர் என்றது. "உன்னை யாருடி கேட்டா?" என்று கத்திவிட்டேன். மகள் விழித்துக்கொண்டு, கையை உயர்த்தி, என்னைப் பார்த்து — "நில்!"

போனில் தங்கை சிரிக்கிற சத்தம். நான் நின்றேன். வேறு வழி?

செப்டம்பர் 11, வியாழன்

விசாரணை முடிந்தது. குழு இந்த வருடம் மேடை ஏறாது. டைரக்டரும், போன வருடம் பிடிக்கத் தவறியவனும் குழுவிலிருந்து நீக்கம். மற்ற சீனியர்கள் யாரும் வருடம் முடியும்வரை பொறுப்பில் இருக்கக் கூடாது. தங்கையும்தான்.

"உன்னையுமா? நீ இல்லன்னா அந்தப் பொண்ணு பள்ளத்துல கிடந்திருப்பா!"

"விளக்கைப் போட்டவளுக்கு ஒண்ணுமில்லன்னா அது என்ன விசாரணைக்கா?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் விளக்கு அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அந்தச் சாவியைப் போகிற இடமெல்லாம் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தவள்.

செப்டம்பர் 20

அவள் மேசையில் யாரோ எரிந்துபோன ஒரு ஃபியூஸ் கம்பியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "கம்பி நல்லாருக்கு, பூ கட்டிக்கலாம்" என்று சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை. அம்மாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் கொடுத்தனுப்பிய ரொட்டிப் பையோடு.

விடுதி உணவுக்கூடத்தில் அவள் உட்கார்ந்திருந்த மேசையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், அடுத்த மேசைகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் மேசையில் நாற்காலிகளே இல்லை. வருகிறவர்கள் ஒருவார்த்தை கேட்காமல் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "ஃபியூஸ் பக்கத்துல உக்காராதே, உன்னையும் பிடுங்கிடுவா." சிரிப்பு. எழுந்து போய் நாலு வார்த்தை கேட்க இருந்தேன். தங்கை என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "விடுக்கா. சலிச்சுப்போனா நிறுத்திடுவாங்க. ரொட்டியை எடு."

தனியாக இந்த மேசையில் எத்தனை வேளை சாப்பிட்டிருப்பாள்? போனில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொன்னாளா?

அப்போது ஒரு பெண் எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் நாற்காலி. மூக்கின் நுனிவரை சரிந்த கண்ணாடியை நிமிர்த்தக் கை இல்லை. சொல்லாமலே தெரிந்துவிட்டது. கண்ணாடிக்காரி. நாற்காலியைப் போட்டு, எங்கள் மேசையில், எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்தாள். பின்னாலேயே அந்தக் கால் பிசகிய பையனும்.

என் கண் அவள் கண்ணாடியில்தான். காதில் மாட்டும் கம்பி ஒன்று வளைந்து, ஃபிரேம் கோணிப்போய். "இது எப்படி ஆச்சும்மா?" "அன்னிக்கு அவர் சட்டைப் பையில..." என்று நிறுத்திக்கொண்டாள். மகளின் துணிப்பையில், பால்புட்டிக்கும் மாற்று உடைக்கும் நடுவே, என் சின்ன ஸ்குரூ டிரைவர் எப்போதும் கிடக்கும். எடுத்தேன். கம்பியை வளைத்துச் சரிசெய்து, திருகை இறுக்கி, மூக்குப் பட்டையை நிமிர்த்தி, முந்தானையில் துடைத்து மாட்டிவிட்டேன். "இப்போ தெளிவா?" — வாயில் ஊறிய கேள்வி.

"தெளிவா இருக்குக்கா." தங்கை தண்ணீர் எடுக்க எழுந்துபோனதும் மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா. வெளிச்சம் வந்ததும் சுத்தி நிறைய உருவம். எதுவுமே அசையல. ஒண்ணே ஒண்ணு மட்டும் தூரத்துலேருந்து அசைஞ்சு அசைஞ்சு வந்துச்சு. அது என்னைத் தள்ளத்தான் வருதுன்னு நினைச்சேன். கண்ணாடியை மாட்டினதும்தான் முகம் தெரிஞ்சது. உங்க தங்கச்சி அழுதுக்கிட்டிருந்தாங்க. காதுல மாட்டவே தெரியாம என் கண்ணுல குத்திட்டாங்க."

அழுதாளா? என்னிடம் சொல்லவில்லையே. கண் கட்டி நடந்தபோதுகூட அழவில்லை என்று பெருமை பேசினவள், அடுத்தவளுக்காக நடந்து வரும்போது வழியெல்லாம் அழுதிருக்கிறாள். அப்படியென்றால் அவள் பயப்படாதவள் இல்லை. என்னைப் போலவே பயந்துகொண்டுதான் வந்திருக்கிறாள். ஆனாலும் வந்திருக்கிறாள்.

தங்கை திரும்பி வந்தாள். தண்ணீரை வாங்கிக்கொண்டு, தலையை ஒருமுறை தடவினேன். "என்னக்கா, பேன் பாக்கறியா?" என்றாள்.

பிப்ரவரி 3

நேற்று மேசையில் ஆறு நாற்காலியாம். "இடம் பத்தலக்கா" என்று அலுத்துக்கொள்கிறாள். அந்த அலுப்பைக் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஜூலை 30, வியாழன்

குழு மறுபடி தொடங்கிவிட்டது. பொறுப்பு ஆசிரியை தங்கையைத் தலைவியாக இருக்கச் சொல்லியிருக்கிறார். இவள், "எனக்கு விளக்கு போதும், அதுவும் கத்துக்கொடுக்க மட்டும்" என்றிருக்கிறாள். விளக்கு அறைச் சாவி இப்போது கண்ணாடிக்காரியின் கழுத்தில். சுவிட்சுகளின் கீழே இருக்கும் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறதாம். பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பச் சொன்னாள். கடையில் கண் பார்க்கும் அட்டை எழுத்து அளவுக்கே அடித்து அனுப்பிவிட்டேன்.

புதியவர்கள் வந்திருக்கிறார்கள். முதல் நாள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன், கேட்கும்போதே எனக்குப் படபடப்பு. எல்லா விளக்கும் எரிய, சீனியர்கள் மேடையில் ஒரு காட்சியை நடித்துக் காட்டினார்களாம். கீழே உட்கார்ந்திருக்கும் புதியவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது "நில்" சொல்லி நிறுத்தியே ஆக வேண்டும். காரணம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வாயே திறக்காத ஒரு பையனுக்காக எல்லோரும் நடித்துக்கொண்டே இருந்தார்களாம். காட்சி முடிந்தும் முதலிலிருந்து, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் அவன் காற்றில் கரைகிற குரலில் சொன்னானாம். மொத்த மேடையும் நின்றதாம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றாள்.

"சீனியர்கிட்ட 'நில்'னு சொல்ல அன்னிக்கே நாக்கு பழகிடணும்கா. எனக்குப் பழக ரெண்டு வருஷம் ஆச்சு."

டைரக்டர் படிப்பை முடித்துப் போய்விட்டான். போகும்போதும் பேசவில்லையாம். "பேசலன்னா போகட்டும்" என்றாள். சொன்னவிதத்தில் அது போகவில்லை என்று தெரிந்தது. அவனிடம்தான் மேடையில் நிற்கவே கற்றுக்கொண்டாள், பாவம்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

இன்றும் நேரமாகிவிட்டது. ஆனால் கேஸைப் பார்க்க ஒருமுறைதான் எழுந்தேன்.

மகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவளும் ஒருநாள் பெட்டியோடு ஏதோ ஒரு விடுதி வாசலில் போய் நிற்பாள். போன வருடமாக இருந்தால் இந்த நினைப்புக்கே எனக்குத் தூக்கம் போயிருக்கும். இப்போதும் பயம்தான். ஆனால் இவளுக்கு ஒரு சொல் தெரியும். சின்னம்மா சொல்லிக்கொடுத்த சொல். இப்போதெல்லாம் "சரி" சொல்லவும் மறப்பதில்லை.

அடுத்த மாதம் அவர்கள் நாடகம். தங்கைக்கு இப்போதுதான் செய்தி அனுப்பினேன். அதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

"உங்க நாடகத்துக்கு நாங்க மூணு பேரும் வர்றோம். மாமா வேலைக்கு லீவு சொல்லணும். ஒரே ஒரு கவலை, உன் சிஷ்யை நடுவுல எழுந்து 'நில்'னு கத்தினா நாடகமே நின்னுடுமே, உங்க விதிப்படி யாரும் கோவிச்சுக்கவும் முடியாதே! குழந்தையைக் கூட்டிக்கிட்டு வரலாமா, வேண்டாமா? அப்படியே கண்ணாடிக்காரியோட கண்ணாடி மறுபடி கோணியிருக்கான்னும் பாத்துச் சொல்லு, சாமான் எடுத்துட்டு வர்றேன். சீக்கிரம் பதில் போடு."